உம் ஜூனி என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்: டெகானியா உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெகானியா ஆலெஃப் கிப்புட்ஸின் உறுப்பினர் பொதுக்கூட்டத்துக்கு,

வணக்கம்.

காவிரி கடலைச் சேரும் பகுதியில், தில்லையாடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணைக் குடியிருப்புகளில் முதலாவதான, இஸ்ரேலில் உள்ள உங்கள் ஊரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த மண்ணோடு எங்களுக்கு ஒரு சொந்தம் உண்டு. காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக்கின் அஸ்தி உங்கள் ஊரில்தான் புதைக்கப்பட்டிருக்கிறது. 1945இல் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்த அந்தக் கட்டடக் கலைஞர், தம் சாம்பல் கலிலேயா ஏரிக்கரையில் சேர வேண்டும் என்று விரும்பினார். அவரைத் தேடிப் போனபோதுதான் உங்கள் வரலாறு எனக்கு அறிமுகமாயிற்று. இப்போது பதினைந்து ஆண்டுகளாக அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1910 மே மாத இறுதியில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் தாம் வாங்கிய 1,100 ஏக்கர் நிலத்தைக் காலன்பாக் வாடகையின்றிச் சத்தியாக்கிரகிகளுக்குக் கொடுத்தார். சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. டால்ஸ்டாய் பண்ணை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரே சமையல், கூலியாள் கிடையாது, நகரத்துக்குச் சொந்த வேலையாகப் போகிறவர் நடந்துதான் போக வேண்டும். காலன்பாக் ஒரு துறவி மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்து காந்திக்குக் கற்றுக் கொடுத்தார். காந்தி தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழைக் குழந்தைகளுக்குக் கற்றுக் கொடுத்தார். போப் எழுதிய தமிழ்க் கையேட்டைத் தாண்டித் தமக்குத் தமிழ் தெரியாது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருடைய மாணவர்களில் பலர் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். இங்கிருந்து கப்பலேறிய ஏழைகளின் பேரப் பிள்ளைகள்.

அதே 1910ஆம் ஆண்டு அக்டோபரில்தான், பத்து ஆண்களும் இரண்டு பெண்களும் ஹதேரா என்ற ஊரிலிருந்து வந்து, யோர்தான் ஆறு கலிலேயா ஏரியை விட்டு வெளியேறும் இடத்துக்கு அருகில் உங்கள் குழுவைத் தொடங்கினார்கள். இரண்டு பண்ணைகளும் ஒன்றையொன்று அறியாமல் பிறந்தவை. ஆனால் இரண்டுக்கும் ஆணிவேர் ஒன்று: தன் உழைப்பைத் தானே செய்வது, ஒருவன் இன்னொருவனை மேய்க்காமல் இருப்பது.

அந்த இரண்டாவது சொல்லை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் கதையின் தொடக்கமே ஒரு வேலைநிறுத்தம் அல்லவா? அதே ஏரிக்கரையில் 1908இல் தொடங்கிய கினெரெட் பண்ணையில் மேலாளர் மோஷே பெர்மனுக்கும் தொழிலாளர்களுக்கும் ஒத்துவரவில்லை. 1909இல் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். யாஃபாவிலிருந்த, சியோனிச இயக்கத்தின் பாலஸ்தீன அலுவலகத் தலைவர் ஆர்தர் ரூப்பின் அப்போது எடுத்த முடிவு எளியது. உம் ஜூனி என்ற இடத்திலிருந்த நிலத்தைத் தொழிலாளர்களின் சிறு குழு ஒன்றிடமே ஓராண்டுக்கு ஒப்படைத்துப் பார்த்தார். மேலே மேற்பார்வையாளர் இல்லை. ஆண்டு முடிவில் கணக்கு நஷ்டத்தில் முடியவில்லை. அந்தக் குழு விலகிய பிறகுதான் ஹதேரா குழுவினர் வந்து நிரந்தரமாகத் தங்கினார்கள்.

கங்காணி என்ற சொல்லுக்கு எங்கள் மக்களின் நினைவில் என்ன பொருள் என்பதை இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலோ மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலோ பாட்டன் பாட்டி உழைத்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். கங்காணி இல்லாமல் ஒரு பண்ணை நடக்கும் என்று 1910இல் செய்து காட்டிய பன்னிரண்டு பேரை நான் எப்படி மதிக்காமல் இருக்க முடியும்? இந்த மடலில் நான் சொல்லப்போகும் எதுவும் அந்த மதிப்பைக் குறைத்துச் சொல்வதல்ல. அந்த மதிப்பினால்தான் சொல்கிறேன்.

எனக்குப் படிக்கக் கிடைத்த சுருக்க வரலாறுகளில் டெகானியாவின் பிறப்பு பெரும்பாலும் இப்படித் தொடங்குகிறது: சதுப்பும் வெயிலும் மலேரியாவும் நிறைந்த வெற்று நிலம், அதில் வந்து இறங்கிய இளைஞர்கள். ஆனால் அந்த இளைஞர்கள் முதலில் எங்கே படுத்து உறங்கினார்கள்? உம் ஜூனி என்ற அரபுச் சிற்றூரின் மண் வீடுகளில். 1912இல் இன்றைய இடத்துக்கு மாறும் வரை அந்த மண் சுவர்கள்தான் அவர்களுக்கு நிழல். வீடு இருந்த இடத்தில் குடியிருந்தவரும் இருந்திருப்பார். நிலம் பணம் கொடுத்து வாங்கப்பட்டது என்பது உண்மை. யூத தேசிய நிதியம் வாங்கியது. ஆனால் ஒட்டோமான் காலத்து நிலப் பத்திரத்தில் உரிமையாளர் பெயர் இருக்குமே தவிர, ஏர் பிடித்தவன் பெயர் இருக்காது. காவிரிக் கழிமுகத்துக்காரனான எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கேயும் பட்டா ஒருவர் பெயரில், உழவு இன்னொருவர் கையில் என்றுதான் பல தலைமுறைகள் கழிந்தன. பத்திரம் கைமாறும் நாளில் உழுதவன் என்ன ஆனான் என்று எந்தப் பதிவேடும் கேட்டதில்லை.

டெகானியா என்ற பெயர் தானியத்திலிருந்து வந்தது. அழகான பெயர். அந்தத் தானியம் விளைந்த மண்ணுக்கு முன்பே ஒரு பெயர் இருந்தது. உங்கள் கதையின் முதல் வாக்கியத்தில் அந்தப் பெயரும் இருக்கட்டும் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

மிரியம் பாராட்ஸைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. எல்லாரும் சமம் என்று வந்த பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் பெண்கள். அவர்களுக்கு ஒதுக்கப்பட்டவை சமையலறையும் துணி துவைக்கும் இடமும். மாட்டுக் கொட்டகையில் வேலை செய்ய வேண்டும் என்று மிரியம் பிடிவாதமாக நின்றார். பால் கறக்கக் கற்றுத்தர ஆண்கள் முன்வரவில்லை. அவர் அருகிலிருந்த அரபுப் பெண்களிடம் போய்க் கற்றுக்கொண்டார். கொட்டகை அவருக்குச் சொந்தமாயிற்று.

இந்த ஒரு நிகழ்ச்சியை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். மாணவிகளின் கண்கள் விரியும். ஒரு முறை ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "ஐயா, கற்றுக்கொடுத்த அம்மாவின் பெயர் என்ன?" பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. உலகின் முதல் கிப்புட்ஸில் பெண்ணின் சமத்துவம் ஒரு பெயர் தெரியாத அரபுப் பெண்ணின் கைப்பழக்கத்திலிருந்து பிறந்தது. விரல்களை மடியில் எப்படி வைப்பது, எவ்வளவு அழுத்துவது, கன்றை எப்போது விடுவது என்பதையெல்லாம் சொல்லால் கற்றுத்தர முடியாது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையைப் பிடித்துத்தான் கற்றுத்தர வேண்டும். அப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் காட்சியை உங்கள் வரலாற்றின் நடுவில் வைத்துப் பாருங்கள். மற்ற எல்லாமே வேறு வெளிச்சத்தில் தெரியும்.

முதல் ஐந்து ஆண்டுகள் யாரும் திருமணம் செய்துகொள்வதில்லை என்றுகூட அந்த இளைஞர்கள் பேசிக்கொண்டார்களாம். வாழ்க்கை அப்படிக் காத்திருக்கவில்லை. மிரியமுக்கும் யோசேஃப் பாராட்ஸுக்கும் 1913இல் கிடியோன் பிறந்தான். உடனே கேள்வி எழுந்தது: இந்தக் குழந்தை யாருடைய பொறுப்பு? தாய் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? செலவு யார் கணக்கில்? குழந்தை வளர்ப்பு எல்லாருடைய பொறுப்பும் என்ற நிலையை எடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர் யோசேஃப் புஸ்ஸல். 1919இல் அதே ஏரியில் மூழ்கி இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நூறாண்டுக்கு முன் அந்தச் சிறு குழுவுக்குள் நடந்த அந்த விவாதம், இன்று வேலைக்குப் போகும் ஒவ்வொரு தாயின் வீட்டிலும் முடியாமல் தொடர்கிறது.

ஆனால் எல்லாரையும் தாங்கிக்கொண்ட அந்தக் கூட்டு வாழ்க்கைக்கு ஒருத்தியைத் தாங்க முடியவில்லை.

கவிஞர் ராகேல் புளூவ்ஷ்டைன். இன்று உங்கள் நாட்டின் இருபது ஷெக்கல் தாளில் அவர் முகம் இருக்கிறது. 1909இல் வந்து, கினெரெட் பெண்கள் பண்ணையில் ஹன்னா மைசலிடம் வேளாண்மை பழகியவர். மேலும் படிக்கப் பிரான்ஸ் போனார். போர் வந்ததால் ரஷ்யாவில் அகதிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினார். அங்கே காசநோய் தொற்றியது. 1919இல் திரும்பி வந்தபோது அவர் தேடி வந்த இடம் டெகானியா. கொஞ்ச காலம் வேலை செய்தார். நோய் வெளிப்பட்டதும், குழந்தைகளுக்குத் தொற்றிவிடும் என்ற அச்சத்தில் அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னீர்கள். அவர் 1931இல் டெல் அவிவில் இறந்தார். கினெரெட் கல்லறையில், தாம் நேசித்த ஏரியைப் பார்த்தபடி கிடக்கிறார்.

அன்று முடிவெடுத்தவர்களை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. காசநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. குழந்தைகள் இருந்த ஊர். என் தாத்தாவின் தம்பி காசநோயோடு கொல்லைப்புறக் கொட்டகையில் தனியே கிடந்து இறந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அவருக்குச் சோற்றைத் தூர வைத்துவிட்டு வந்தவர்கள் அரக்கர்கள் அல்லர். என் பாட்டிமார்கள். ஆகவே அச்சத்தை நான் அறிவேன். நான் கேட்பது வேறு. அந்தக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள்? வேறு வழி இருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா? ஏரிக்கரையில் ஒரு தனிக் குடிசை போட்டுக் கொடுக்கலாம் என்ற சொல் எழுந்ததா? சமத்துவத்தைப் பற்றிய நூறு பிரசங்கங்களைவிட, சமத்துவக்காரர்கள் ஒரு நோயாளியின் முன் தடுமாறிய அந்த மாலைப் பொழுது பிற்காலத்தவருக்கு அதிகம் கற்றுத்தரும். அவருடைய கவிதைகளைப் பாடுகிற நீங்கள், அந்த மாலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேறு சில மரணங்களை நீங்கள் நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறீர்கள். 1913 நவம்பரில், நோயுற்ற ஷ்முவேல் தயானுக்கு மருந்து வாங்கப் போன மோஷே பார்ஸ்கி வழியில் கொல்லப்பட்டார். ரஷ்யாவிலிருந்த அவருடைய தந்தை மனம் தளராதீர்கள் என்று எழுதினார். அண்ணன் விட்ட இடத்துக்குத் தம்பி வந்தார். 1915இல் தயான் வீட்டில் பிறந்த மகனுக்கு மோஷே என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தைதான் பின்னாளில் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சரான மோஷே தயான் என்பது உலகுக்குத் தெரியும். 1948 அரபு-இஸ்ரேல் போரில், மே 20 அன்று உங்கள் வேலி வரை வந்து நின்ற சிரியாவின் டாங்கி இன்னும் அங்கேயே நிற்கிறது. அதை நிறுத்தியவர் யார் என்று பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. ஊரே அழியவிருந்த நாள் அது. அதை மறக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் அந்த டாங்கியைப் பார்க்க வரும் பிள்ளைகள் கிழக்கே சற்றுத் தூரம் நடந்தால் சமக் இருந்த இடம் வரும். ஹிஜாஸ் ரயில் பாதையில் நிலையம் கொண்டிருந்த ஊர். 3,000க்கும் மேற்பட்ட அரபு மக்கள் வாழ்ந்தார்கள். 1948 ஏப்ரல் இறுதியில், திபேரியா நகரம் யூதப் படைகளிடம் வீழ்ந்த சில நாட்களில், அந்த ஊர் காலியானது. மக்கள் திரும்பவில்லை. உங்கள் முன்னோர்கள் ரயிலேறியது அந்த நிலையத்தில்தான். ஒரே வாரங்களில் ஓர் ஊர் தப்பியது, பக்கத்து ஊர் மறைந்தது. தப்பியதைச் சொல்லும்போது மறைந்ததையும் அதே மூச்சில் சொல்ல முடியாதா?

இப்படிக் கேட்பதற்கு இது நேரமா என்று நீங்கள் நினைக்கலாம். 2023 அக்டோபர் 7 அன்று காசா எல்லையோரக் கிப்புட்ஸ்களில் வீட்டுக்குள்ளேயே மக்கள் கொல்லப்பட்டார்கள். பலர் பிணையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அதன் பிறகு காசாவில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். ஈழத்து உறவுகளின் துயரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து உறக்கமிழந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். துக்க வீட்டில் கணக்குக் கேட்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். எனினும் இது கணக்கு அல்ல. பெயர்களைச் சொல்வதற்கு நல்ல நேரம் என்று ஒன்று வரும் எனக் காத்திருந்தால், பெயர் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள்.

2007இல் நீங்கள் எடுத்த முடிவைப் பற்றி உலகப் பத்திரிகைகள் ஏதோ சாவுச் செய்திபோல் எழுதின. ஒவ்வொருவரும் தம் சம்பளத்தைத் தாமே வைத்துக்கொள்வது, பொதுச் சேவைகளுக்கு வருமானத்துக்கேற்ற வரி கொடுப்பது, நலிந்தவரைத் தாங்கும் பொது நிதியைக் காப்பது என்று உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் வாக்களித்தீர்கள். 1980களின் பணவீக்கமும் கடன் சுமையும் கிப்புட்ஸ் இயக்கம் முழுவதையும் உலுக்கிய பின் பல கிப்புட்ஸ்கள் சென்ற பாதைதான் அது. முதல் கிப்புட்ஸே கைவிட்டுவிட்டது என்று சிலர் வருந்தினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டால்ஸ்டாய் பண்ணை மூன்றே ஆண்டுகளில் கலைந்தது. நீங்கள் தொண்ணூற்றேழு ஆண்டுகள் பொதுப் பணப்பையோடு வாழ்ந்தீர்கள். அதற்குப் பிறகும் வாக்கெடுத்து, ஓராண்டு சோதித்துப் பார்த்து, சேர்ந்தே மாறினீர்கள். உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் அந்தப் பழக்கம் உங்களிடம் இன்னும் இருப்பதால்தான் இந்த மடலை அமைச்சகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ எழுதாமல் உங்கள் கூட்டத்துக்கு எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்பதற்கு முன் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1913 அக்டோபரில், டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பதினொரு பெண்கள் அனுமதியின்றி நேட்டால் எல்லையைக் கடந்து, நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய் வேலையை நிறுத்தச் சொன்னார்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழ்ப் பெண்கள். அவர்களில் ஆறு பேர் கையில் குழந்தை. அவர்கள் பேச்சைக் கேட்டுத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். பெண்களுக்கு மூன்று மாதச் சிறை. அடுத்த மாதம் நடந்த பேரணிக்காகக் காலன்பாக்கும் சிறை சென்றார். அந்தப் பதினொருவரைக் காந்தி பட்டியலிட்டிருக்கிறார். எப்படி? திருமதி தம்பி நாயுடு, திருமதி முருகேச பிள்ளை, திருமதி சின்னசாமி பிள்ளை என்று. பெரும்பாலோர் கணவர் பெயரிலேயே நிற்கிறார்கள். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் என்பதைக்கூட எங்கள் பாடநூல்கள் சொன்னதில்லை. அதே போராட்டத்தில் சிறை சென்று பதினாறு வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மைக்கு எங்கள் பக்கத்து ஊரில் நினைவு மண்டபம் இருக்கிறது. மற்றவர்களுக்கு இல்லை.

இன்னும் ஒன்று. அதே 1913இல்தான் தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களை நாட்டு நிலத்தில் சுமார் ஏழு விழுக்காட்டுக்குள் அடைத்த நிலச் சட்டம் வந்தது. எங்கள் சத்தியாக்கிரகக் கதையில் அந்தச் சட்டம் பெரும்பாலும் வருவதே இல்லை. முப்பது ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்திய நானும் அதைச் சொல்லாமலே ஓய்வு பெற்றுவிட்டேன். உம் ஜூனியைப் பற்றி உங்களிடம் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். என் பிழையை முதலில் சொல்லிவிட்டுக் கேட்கலாம் என்று தோன்றியது.

ஆகவே, உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துப் பேசுமாறு வேண்டுகிறேன். ஊருக்கு வருகிறவர்களிடம் கதையைத் தொடங்கும்போது உம் ஜூனியிலிருந்து தொடங்குங்கள். மிரியமைச் சொல்லும்போது அவருக்குப் பால் கறக்கக் கற்றுத்தந்தவர்களையும் சொல்லுங்கள். ராகேல் வெளியேறியதைப் பற்றிய குறிப்புகள் ஆவணக் காப்பகத்தில் எந்த வடிவில் இருந்தாலும், அவற்றை மாணவர்கள் படிக்கும்படி வையுங்கள். டாங்கியின் பக்கத்தில் சமக் என்ற பெயரை அரபியிலும் எபிரேயத்திலும் எழுதுங்கள். வயது முதிர்ந்த உறுப்பினர்கள் எவரிடமாவது அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களைப் பற்றி அவர்கள் தாய் தந்தையர் சொன்ன ஒரு கதை, ஓர் ஆள் பெயர், ஒரு மாட்டின் பெயர் இருந்தாலும் அதை இந்த ஆண்டே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காலன்பாக் உறங்கும் இடத்துக்கு வருகிறவர்களிடம், அவர் காந்தியின் நண்பர் என்பதோடு, செருப்புத் தைத்தவர் என்றும், வீரம்மாளோடும் இன்னும் பலரோடும் ஒரே சமையலில் உண்டவர் என்றும் சொல்லுங்கள். அந்தப் பதினொருவரில் எத்தனை பேரின் சொந்தப் பெயர்களைத் தேடிப் பிடிக்க முடியுமோ அத்தனையையும் பிடித்து உங்களுக்கு எழுதி அனுப்புகிறேன். அந்த வேலையைத் தொடங்கிவிட்டேன். நீங்கள் உம் ஜூனியைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பினாலும் போதும். அதைத் தமிழில் பெயர்த்து என் பழைய பள்ளிக்குக் கொண்டுபோவேன். அன்று எழுந்து கேட்ட அந்த மாணவி இப்போது அங்கேதான் வரலாறு கற்பிக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை மாவட்டம்